நீங்கள் சொல்லி வைத்த ஊரைச் சுற்றிக் காட்டினேன்

என் அன்பு அத்தானுக்கு,

போன இடத்திலாவது கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டு இருக்கிறீர்களா? அங்கே உங்களைச் சுற்றி இந்நேரம் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும், எனக்குத் தெரியும்.

உங்கள் பட்டாளத்துச் சிநேகிதர்கள் வந்துவிட்டுப் போனார்கள். நாலு குடும்பமும் வந்திருந்தது. கோடைக்கு ஒரு ஊர் என்று நீங்கள் ஐந்து பேரும் செய்துகொண்ட ஏற்பாட்டில் இந்த வருஷம் நம் முறை அல்லவா? லீவில் வந்திருக்கும் நம் மகனுக்கு இதில் இஷ்டமே இல்லை. "யம்மா, அப்பா போயி இன்னும் வருசங்கூடத் திரும்பல. நீ ஒத்தையில எம்புட்டுத்தான் இழுத்துப் போட்டுச் செய்வ?" என்றான். நான்தான் பிடிவாதமாக வரச் சொன்னேன். எல்லார் ஊரிலும் போய்ச் சாப்பிட்டுவிட்டு நம் முறைக்குக் கதவைச் சாத்தினால் நன்றாகவா இருக்கும்?

ராஜபாளையத்தில் லாட்ஜ் பிடித்துக் கொடுத்தான் மகன். குற்றாலம், மதுரை என்று மூன்று நாள் போனதே தெரியவில்லை. கடைசி நாள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர் பஸ்ஸின் முன்னால் நின்று, மைக்கைப் பிடித்துத் தன் ஊரைக் காட்ட வேண்டும். வேலூரில் சுந்தரம் அண்ணன் கோட்டையைக் காட்டிக்கொண்டு வந்தபோது, "இதென்னய்யா கோட்டை, எங்க ஊருக்கு வந்து பாரும்" என்று பின் சீட்டிலிருந்து கத்தியவர் நீங்கள். வந்துவிட்டார்கள். நீங்கள் இல்லை. மைக் என் கையில் இருந்தது.

முதலில் ஆண்டாள் கோபுரத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். சுந்தரம் அண்ணன் எழுந்து நின்று என் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். "தங்கச்சி, கோபுரத்த காலையிலயே கும்பிட்டாச்சு. எங்களுக்கு அவன் சொன்ன எடமெல்லாம் காட்டணும். எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கோம்!"

என்னென்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் அத்தான்! பன்னிரண்டு மாதமும் வற்றாத ஆறு. சிறுத்தையை விரட்டியடித்த நம் வீட்டு நாய். அந்த நாய்க்கு நீங்களே கட்டிய சமாதி. உங்களைக் கண்டதும் எழுந்து நிற்கிற பால்கோவாக் கடைக்காரர். பனிமலையில் காவலுக்கு நின்ற நாட்களில் இதைத்தான் கதை கதையாக அளந்தீர்களாம். நீங்கள் போன பிறகு அவர்களிடம் மிச்சமிருப்பது உங்கள் பேச்சு ஒன்றுதான். அதுவும் புளுகு என்று என் மூலமாகவே தெரிந்துவிட்டால், பிறகு உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஆற்றைப் பார்க்க மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனோம். வனத்துறை செக்போஸ்ட்டுக்கு அப்பால் விடவில்லை. ஓரமாக இறங்கிப் பார்த்தால் ஆற்றில் மணலும் உருண்டைக் கல்லும்தான் கிடந்தன.

"இன்னாம்மா, தண்ணியக் காணோம்?"

"கோடையில இப்படித்தான்ண்ணே கெடக்கும். மழ பெஞ்சாத்தான் தண்ணி" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். மணப்பாறை ஜார்ஜ் அண்ணன் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி நான் ஏன் அவசரப்பட்டேன்?

திரும்பி வரும் வழியில் ஜார்ஜ் அண்ணன் நாயின் சமாதியைக் கேட்டார். நம் மணியா சிறுத்தையை விரட்டியது? தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய் மூத்திரம் பெய்த நாய் அது. செத்த அன்று முனிசிபாலிட்டி வண்டியில்தானே போனது? அதை மைக்கில் சொல்ல முடியுமா? ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று தெரிந்தது. "அந்தா இருக்குண்ணே" என்று கையை நீட்டிவிட்டேன்.

பஸ் நின்றது. நாலு பேரும் இறங்கினார்கள். மூட்டு வலிக்காரர்கள் வரிசையாக விறைத்து நின்று அந்தக் கல்லுக்கு சல்யூட் அடித்தார்கள். தோப்புக்காரர் ஓடி வந்தார்.

"ஏத்தா, எல்லக் கல்லுக்கு எதுக்கு இவிய சல்யூட் அடிக்காக?"

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்கண்ணே. பொறவு சொல்லுதேன்" என்று பல்லைக் கடித்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பால்கோவாக் கடையில்தான் குட்டு உடைந்தது. கடைக்காரர் எழுந்து நிற்கவில்லை. நான் இன்னார் என்று சொன்னதும், "அவிய வீட்டம்மாவா நீங்க? தெனமும் வருவாக. ஒரு கரண்டி வாங்கி ருசி பாப்பாக. 'இன்னைக்குப் பாலு பத்தலப்பா'ன்னு சொல்லிட்டுப் போயிருவாக. ஒரு கிலோ வாங்கினதில்ல" என்றார். பிறகு, "அவிய வராம கடையே வெறிச்சுன்னு கெடக்குத்தா" என்றும் சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுந்தரம் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அவன்தான், அவனேதான்!" என்று ஜார்ஜ் அண்ணன் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார். நாலு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் புளுகையெல்லாம் ஒளிக்காமல் இந்தக் கடிதத்தில் எழுதுகிற துணிச்சல் எனக்கு வந்ததும் அந்தச் சிரிப்பால்தான். உங்களை அவர்கள் நம்பினார்களோ இல்லையோ, உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் அத்தான்.

சாயங்காலம் அவர்களை ரயிலேற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தோம். "அம்புட்டுத்தான், எல்லாம் பாத்தாச்சு" என்று மைக்கை டிரைவரிடம் நீட்டினேன். சுந்தரம் அண்ணன் தடுத்தார்.

"முக்கியமான எடம் பாக்கி இருக்குதேம்மா. நீ சிரிச்சிக்கினே அவன அனுப்பி வெச்ச எடம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். கல்யாணமாகி நீங்கள் முதன்முதலாகத் திரும்பிப் போன சமயம் எல்லையில் பதற்றமாக இருந்ததாம். எல்லோரும் வீட்டில் அழுத அழுகையை நினைத்து ஒடுங்கிக் கிடந்தார்களாம். நீங்கள் மட்டும், "எம் பொண்டாட்டி பிளாட்பாரத்துல நின்னு ரயில் மறையுத மட்டும் சிரிச்சுக்கிட்டே கையாட்டுனா. அவளே பயப்படல, நமக்கென்னலே?" என்றீர்களாம்.

"அத்தக் கேட்டுத்தாம்மா நாங்க திடமா இருந்தோம்" என்றார்.

நான் அன்றைக்கு ஸ்டேஷனுக்கே வரவில்லையே அத்தான். புதுப்பெண் வழியனுப்பப் போகக் கூடாது, புறப்படும் நேரத்தில் கண்ணீரைக் காட்டினால் ஆகாது என்று அத்தை என்னை அடுப்படியில் நிறுத்திவிட்டார். உங்கள் பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டுவதைக் கேட்டுக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். உங்களுக்கு அது கேட்டுவிட்டதா? அதனால்தான் என்னைப் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் நிறுத்திச் சிரிக்க வைத்தீர்களா? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

"எந்த எடத்துலம்மா நின்ன?" என்று மெதுவாகக் கேட்டார் ஜார்ஜ் அண்ணன்.

"இந்தா, இந்தக் கொழாப் பக்கத்துல" என்று சொல்லி அங்கே போய் நின்றேன்.

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சிரித்தேன். முதலில் உதடு கோணிக்கொண்டது. ரயில் நகர நகர நிஜமாகவே சிரித்தேன். அதில் போவது நீங்கள்தான் என்று இருந்தது எனக்கு. கடைசிப் பெட்டி மறைகிற மட்டும் கையாட்டினேன்.

அடுத்த மாதம் நம் மகன் லீவு முடிந்து எல்லைக்குத் திரும்புகிறான். மருமகள் இப்போதே சாப்பிடாமல் கொள்ளாமல் வளைய வருகிறாள். அவளை நான் அடுப்படியில் நிறுத்த மாட்டேன் அத்தான், இது சத்தியம். கையைப் பிடித்துப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே நின்று சிரிப்பதும் அழுவதும் அவள் இஷ்டம்.

என்றும் உங்கள் மாமன் மகள்,
செல்லத்தாய்