நாலடிக்கு ஐந்தடி

மேலகரம்,
ஆடி 12.

அன்பு மகன் விஜயசங்கருக்கு,

உன் அப்பா நல்லக்கண்ணு எழுதுகிறேன். ஆமாம், என் கையால் நானேதான். உறையின் மேல் இருக்கும் உன் ராணுவ முகவரிகூட நான் எழுதியதுதான். அறுபத்தெட்டு வயதில் ஒருவன் மகனுக்கு முதல் கடிதம் எழுதுகிறான் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. முந்தாநாள் உன் பெயரை மட்டும் எழுதிவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்த அன்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததும் இப்படித்தான்.

'இங்கு அனைவரும் நலம்' என்று தொடங்க வேண்டும் என்று ஜுஹைனா டீச்சர் சொல்லியிருக்கிறார். பஞ்சாயத்துப் பள்ளியில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். அந்த வரியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீடு ஒரே அறை. நான் போனில் என்ன பேசினாலும் கட்டிலில் இருக்கும் உன் அம்மா காதில் விழும். தெருவில் நின்று பேசினால் தெருவே வந்து அவளிடம் சொல்லிவிடும். எழுதினால் விழாது. இப்போதும் படுத்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்படி என்னத்தய்யா எழுதுதிய?" என்று கேட்டாள். குளியலறையைப் பற்றி என்றேன். "நல்லா விவரமா எழுதுங்க. அவன் இன்னும் பாக்கலல்லா" என்றாள். அதனால் முதலில் குளியலறை.

பழையது உனக்கு நினைவிருக்கும். நாலடிக்கு ஐந்தடி. அதில் பாதியை சிமெண்டுத் தொட்டி பிடித்துக்கொள்ளும். கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே போனவர் தொட்டியோடு ஒட்டி நின்றால்தான் கதவைச் சாத்த முடியும். மீசை முளைத்த பிறகு நீ தெருக்குழாயடியிலேயே குளித்துவிட்டுப் போவாய். தை மாதம் உன் லீவில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மா சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "வாற மருமவ இதுக்குள்ள நின்னு எப்படிய்யா சீலை மாத்துவா? கோழிய கூட்டுல அடச்ச மாதிரில்லா இருக்கு" என்று தினமும் இதே பேச்சு. சுவரைத் தள்ளிக் கட்ட இடம் இல்லை. அந்தப் பக்கம் இசக்கிச்செல்வி வீடு, இந்தப் பக்கம் சாக்கடை.

அப்போதுதான் அந்தத் தாள் கிடைத்தது. வாழைக்காய் பஜ்ஜி மடித்து வந்த தாள். சின்னக் குளியலறையைப் பெரிதாகக் காட்டுவதற்குப் பத்து வழிகள் அதில் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வழி என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். வகுப்புப் புத்தகத்தைத் தவிர நான் முதன்முதலில் படித்தது அதைத்தான். படித்ததை உடனே அம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன். "நாப்பது வருசம் ஊரான் முதுகுல எண்ணெ தேச்ச மனுசன், இப்ப பேப்பர் வாசிக்காரு பாரு" என்று இசக்கிச்செல்வியிடம் சொல்லிச் சிரிப்பாள். கேலிதான். ஆனால் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

நல்லதம்பி கொத்தனாரை வரச் சொன்னேன். தொட்டியை உடைத்து எடுத்தோம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் இறங்கும் தகடு போட்டோம். கதவுக்கு நேர் எதிரே அகலமான முகம் பார்க்கும் கண்ணாடி. சோப்பு, சீயக்காய் எல்லாம் மூலையில் ஒரே பலகையில் ஏறிவிட்டன. சங்கர், இப்போதும் அதே நாலடிக்கு ஐந்தடிதான். ஆனால் கதவைத் திறந்தால் அதற்கு அப்பால் இன்னொரு அறை இருப்பது போலத் தெரிகிறது. சாரல் விழுந்தால் கூரைத் தகட்டில் தண்ணீர் ஓடுவதை உள்ளே நின்றே பார்க்கலாம். உன் அம்மா முதல் நாள் உள்ளே போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "அஞ்சருவில நிக்க மாதிரில்லா இருக்கு" என்றாள். குற்றால அருவிகளில் அத்தனை வருடம் எண்ணெய் தேய்க்கும் வேலை பார்த்தவன், அவளை அங்கே அழைத்துக்கொண்டு போனது மூன்றே தடவை.

இதற்குக் கீழே எழுதுவதை அவளுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன்.

தரைக்கும் சுவருக்கும் ஒரே நிறத்தில் பளபளப்பான கல் போட்டால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது, அறை பெரிதாகத் தோன்றும் என்பது ஒன்பதாவது வழி. நல்லதம்பி, "அண்ணாச்சி, தரைக்குச் சொரசொரப்பா போட்டுருவோம். வயசாளுக பொழங்குத இடம்" என்றான். நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவன் முன்னால் வாசித்துக் காட்டினேன். விரல் வைக்காமலே வாசித்தேன். "படிச்சவுக சொல்லுதிய, பொறவு நான் என்ன சொல்ல" என்று அதையே போட்டுவிட்டான். பத்தாவது வழியை நான் அன்று படிக்கவில்லை. கல் வந்து இறங்கிய சந்தோஷத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஆனி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. புது அறையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றாள். "அருவிக்கு வாறவனுக்கெல்லாம் தேச்சிய. எனக்கு என்னைக்காவது தேச்சு விட்டிருக்கியளா?" என்று கேட்டாள். உண்மைதான். அவளை அங்கேயே முக்காலியில் உட்காரவைத்து, உச்சந்தலையில் ஆரம்பித்து முறையாகத் தேய்த்தேன். கடைசியில் உள்ளங்கால். அருவியில் அப்படித்தான் முடிப்போம். அங்கே கரடுமுரடான கல், காலைப் பிடித்துக்கொள்ளும். நான் தேய்த்துவிட்ட ஆள் ஒருவர்கூட விழுந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. அவள் எழுந்து ஓர் அடி வைத்தாள்.

சுளுக்கு என்று உன்னிடம் போனில் சொன்னது பொய். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சோப்பு வழுக்கிவிட்டது என்று வருகிறவர்களிடம் எல்லாம் அவளே சொல்கிறாள். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னிடம்கூட. அறுவைச் சிகிச்சையை அவள் இதயம் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தென்காசி டாக்டர் சொன்னார். தை மாதம் மகன் வந்துவிடுவான் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது முதுகில் புண் வந்துவிட்டது. மூச்சு வாங்குகிறது. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இசக்கிச்செல்விதான் காலையும் மாலையும் வந்து உடம்பு துடைத்துவிடுகிறாள்.

விழுந்த மறுநாள் பத்தாவதை எடுத்துப் படித்தேன். தரைக்கு மட்டும் வழுக்காத கல்லாகப் பார்த்துப் போடுங்கள் என்று இருந்தது. அதை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படிக்க முடிந்தது.

கட்டிலில் இருந்து பார்த்தால் குளியலறைக் கதவு தெரியும். உள்ளே தெரியாது. "ஈரம் இல்லாம தொடச்சு வைங்க. கண்ணாடில தூசி அடஞ்சிரப் போவுது" என்பாள். தினமும் துடைக்கிறேன். தான் எழுந்து நடப்போம் என்று அவள் நம்புகிறாளா, நான் நம்பட்டும் என்று சொல்கிறாளா, தெரியவில்லை. நான் தெருக்குழாயில்தான் குளிக்கிறேன்.

சற்று முன் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். அருவியில் நிற்பது போல் இருக்கிறது என்று அவள் சொன்ன இடம் வரைக்கும், போனைப் பற்றிய வரிகளைத் தாண்டி, வாசித்து நிறுத்தினேன். "இத்தனை தாளு எழுதிட்டு இம்புட்டுத்தான் வாசிக்கியளா?" என்றாள். என் எழுத்து பெரிய எழுத்து என்றேன். பிறகு, தான் சொல்வதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். "ஏலே சங்கரு, எனக்கு ஒண்ணுமில்ல, லீவ வீணாக்காம தையிலயே வா." சேர்த்துவிட்டேன். அது அவள் சொன்னது.

நான் சொல்வது இது. டாக்டர் எழுதித் தந்த தாளை உள்ளே வைத்திருக்கிறேன். உன் அதிகாரியிடம் காட்டிவிட்டு உடனே புறப்படு. என்மேல் கோபம் வந்தால் வந்து கோபப்படு, வாங்கிக்கொள்கிறேன். வந்ததும், பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் குளியலறைக்குப் போ. செருப்போடு போ. உள்ளே நின்றுகொண்டு, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக, 'எம்மா, எம்புட்டுப் பெரிசா இருக்கு' என்று சொல். அவள் யாரிடமும் கேட்டு வாங்காத ஒன்று அது. அதற்காகத்தான் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

டீச்சர் சொல்லித் தந்த 'அனைவரும் நலம்' வரியை எழுதக் கடிதத்தின் தொடக்கத்தில் இடம் விட்டிருந்தேன். இடம் அப்படியே இருக்கிறது.

வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், மகனே. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் அப்பா,
நல்லக்கண்ணு

(கைநாட்டு இல்லை, கையெழுத்து.)