நூல் விட்ட துடுப்பு

இன்று காலை தண்ணீர் மாற்றும்போது பார்த்தேன். நீ கொடுத்த கெண்டையின் முதுகுத் துடுப்பிலிருந்து மெல்லிய நூல்கள் நீண்டிருக்கின்றன. எண்ணினேன், மூன்று. உடனே உன்னிடம் ஓடிவந்து பீற்றிக்கொள்ளத்தான் தோன்றியது. நீ இல்லை என்பது வாசல்வரை போன பிறகுதான் உறைத்தது.

போன கோடை விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் உன் அத்தை ஊருக்குப் போனோமே. மலையிலிருந்து வரும் ஓடை வற்றி, பாறைக் குழியில் ஒரு குடம் தண்ணீர்தான் கிடந்தது. அதில் ஏழெட்டு மீன்கள். முதலில் பார்த்தவள் நீ. துண்டை விரித்து அள்ளியதும் நீ. ஆனால் பள்ளி நூலகத்துப் புத்தகத்தைப் புரட்டி, இது தெற்கு மலை ஓடைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத அரிய வகை, வளர்ந்த ஆணுக்குத்தான் துடுப்பு நூல் விடும் என்று கண்டுபிடித்தவள் நான். பள்ளி அறிவியல் கண்காட்சியில் அந்த மீன்களை வைத்தபோது உன்னைச் சுற்றித்தான் கூட்டம். விளக்க அட்டை எழுதிய என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டீச்சர் உன்னை ‘மீன்காரி’ என்று கூப்பிட்டார். வீடு வரும்வரை அந்தப் பெயர் என் காதில் குத்திக்கொண்டே இருந்தது.

நான் கேட்டதும் ஒன்று கொடுத்தாய். நூல் நீண்ட பெரியதை அல்ல, வெளுத்த சின்னதை.

“பெருசு இடம் மாறுனா தாங்காது பிள்ள. இதுதேன் உனக்கு.”

நல்லதை வைத்துக்கொண்டு சோகையான பெட்டையை என்னிடம் தள்ளிவிட்டாய் என்றே நம்பினேன்.

உன் மீன்கள் பாசி பிடித்த சிமெண்ட் தொட்டியில் கிடந்தன. என்னுடையது அதைவிட அழகாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். பட்டாசுப் பெட்டிக்கு அச்சடித்து, நிறம் விலகியதால் கழித்துப் போட்ட தங்க நிறத் தாளை அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்தார். நம் ஊரில் நோட்டு அட்டைக்கும் அலமாரித் தட்டுக்கும் அதுதானே. தொட்டியின் பின்பக்கம் முழுக்க ஒட்டினேன். கண்ணாடி மாதிரி மின்னியது.

நீ வந்து குனிந்து பார்த்தாய். மீன், காற்று பம்ப் இருந்த மூலையில் ஒண்டியிருந்தது.

“ஏ பிள்ள, அதப் பிச்சிரு. மீனு அதுல தன் உருவத்தையே பாத்து மெரளுது.”

“என் தொட்டி அழகா இருக்குன்னு ஒனக்கு எரியுது.”

நீ சிரித்தாய். “ஆமா, அம்புட்டும் எரியுது,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாய்.

அதன்பின் பத்து நாள் நான் உன்னிடம் பேசவில்லை. பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன் உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, வேலைக்குப் போக பட்டாசு கம்பெனி வண்டிக்காகக் காத்து நின்ற உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “ஆஸ்பத்திரியிலயும் ஒன் மீனத்தேன் கேட்டா. அவ பேப்பரப் பிச்சாளாம்மான்னு.”

அன்றே பிய்த்தேன். பசை இன்னும் கண்ணாடியில் திட்டுத் திட்டாக இருக்கிறது. மீன் மூலையைவிட்டு வெளியே வந்தது. மெல்ல நிறம் ஏறியது. இன்று நூலும் விட்டிருக்கிறது.

உன் மீன்களையும் உன் அம்மா என்னிடமே தந்துவிட்டார்கள். டீச்சர் இப்போது என்னை ‘மீன்காரி’ என்கிறார். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் ‘இதுதேன் உனக்கு’ என்று நீ எடுத்துக் கொடுத்தபோதே அது ஆண் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. புத்தகம் படித்த எனக்குத் தெரியவில்லை. இப்போதும் அதை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு நாள் நீ இந்தத் தொட்டி முன்னால் நின்று, நிஜமாகவே என்மேல் பொறாமையில் எரிந்திருக்கலாம்.