நீ அடித்துப்போட்ட எட்டில் மூன்று

திருநெல்வேலி டவுண்,
10.3.96, ஞாயிறு மதியம்.

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அம்மா எழுதுவது.

நெல்லையப்பர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த நாக்பூர் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். உன் கடிதம் வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. அம்மா ஒரு வரி கூடப் போடவில்லையே, கோபமோ என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. முதல் செமஸ்டரில் கணக்குப் பேப்பர் போய்விட்டது, மறுபரீட்சைக்கு எழுதிப்போட மாட்டேன், மார்ச் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்ததைக் கூட நான் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். அதற்குக் கீழே, எனக்குக் கணக்கே வராதும்மா, ப்ளஸ் டூவில் வாங்கின நூற்றுத் தொண்ணூற்றாறும் மனப்பாடம், எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அப்படியெல்லாம் இல்லை கண்ணே என்று ஒரு இன்லண்டில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் அப்படியா இல்லையா என்பது எனக்கே தெரியாதே. தெரியாததை எழுத மனம் வரவில்லை. அதனால் அப்பாவுக்குத் தெரியாமல் உன் கடிதத்தை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, பரணிலிருந்து உன் ப்ளஸ் டூ புத்தகக் கட்டை இறக்கினேன். சாக்கைப் பிரித்ததும் ஒரு பல்லிக் குடும்பமே ஓடியது, நீ இருந்திருந்தால் கத்தித் தெருவையே கூட்டியிருப்பாய்.

அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு அடுப்படியைக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் கணக்குப் போடுகிறேன். சிரிக்காதே. முதல் வாரம் முழுக்க அணிகள், கலப்பெண்கள். நிரையை நிரலால் பெருக்கும்போது எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் இடது கை விரலை ஒரு எண்ணில் ஊன்றிக்கொண்டே வலது கையால் எழுதினேன், அதற்குள் பால்காரர் வந்துவிட்டால் எழுந்து போக முடியாது. அடுத்த வாரம் நுண்கணிதம். ஒரு தகரத்தின் நான்கு மூலையிலும் சதுரம் வெட்டி மடக்கிப் பெட்டி செய்கிற கணக்கு இருக்கிறதே, அதை மூன்று நாள் போட்டேன், கடைசியில் காலண்டர் அட்டையை வெட்டி மடக்கிப் பார்த்த பிறகுதான் விடை சரி என்று மனம் ஒப்பியது. புள்ளியியலும் விடவில்லை. வள்ளியூர் பாங்கிலிருந்து அப்பா வீடு வந்துசேருகிற நேரத்தைப் பதினான்கு நாள் குறித்துவைத்து சராசரியும் திட்டவிலக்கமும் கண்டுபிடித்தேன். சராசரி ஏழு பத்து, விலக்கம் பதினாறு நிமிஷம். இப்போது ஏழு மணிக்கு முன்னால் தோசைக்கல்லைப் போடுவதே இல்லை. ஒருநாள் அவர் சீக்கிரம் வந்து பசியோடு நின்றபோது, நீங்கள்தான் விலக்கத்துக்கு வெளியே வந்துவிட்டீர்கள் என்றேன், ஒன்றும் புரியாமல் முழித்தார்.

இதில் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சரித்திரம் பிடித்ததால்தான் பி.ஏ. சேர்ந்தேன் என்று உன்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறேன் இல்லையா, அது பொய். பி.யு.சி.யில் எனக்குக் கணக்குப் பாடம் இருந்தது. புத்தகத்தின் தொகை நுண்கணிதக் கணக்கு அத்தனையையும் வரிவரியாக நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். பரீட்சையில் வினாத்தாளைப் பிரித்தால், புத்தகத்தில் எக்ஸ் என்று இருந்த இடத்தில் எல்லாம் டி என்று போட்டிருந்தது. இது நமக்கு நடத்தாத பாடம் என்று நினைத்து, நல்ல பிள்ளையாக அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். வெளியே வந்தபிறகு கூடப் படித்தவள், அது நம்ம கணக்குதானட்டி, எழுத்து மட்டும்தான மாத்திருக்கான் என்றாள். முப்பத்தெட்டு மார்க். எங்கள் அப்பா மார்க் சீட்டைப் பார்த்துவிட்டு, சரித்திரத்துக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். எனக்குக் கணக்கு வராது என்று அன்றைக்கு நானே முடிவுகட்டியதுதான், இருபத்தேழு வருஷமாக அதைத் திறந்து பார்க்கவில்லை. ஆகவே மனப்பாடம் என்று நீ எழுதியதைப் படித்ததும் உன்மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும், சொல்.

சரி, உன் நோட்டுக்கு வருகிறேன். உன் ஃபேர் நோட்டைப் பார்த்தவரையில், நீ சொன்னதில் முக்கால் பங்கு உண்மைதான். எல்லாம் ஐயம்பெருமாள் சாருடைய டியூசன் வரிகள், அச்சு மாதிரி, ஒரு எழுத்து மாறவில்லை. உன் ரஃப் நோட்டைத்தான் ஆறின மனசோடு புரட்டினேன். நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு கணக்கு. ஒரு பையில் ஐந்து வெள்ளைப் பந்து, மூன்று கறுப்புப் பந்து. ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போடாமல், இன்னொன்றை எடுக்கவேண்டும். இரண்டாவது பந்து கறுப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? அதற்குக் கீழே நீ பென்சிலால் இரண்டு வரி எழுதி, மேலே பேனாவால் ஏழெட்டுக் கோடு கிழித்து அடித்துவைத்திருக்கிறாய். ஓரத்தில் சிவப்பு மையில் 'படிகள் எங்கே?' என்று சாருடைய கையெழுத்து. அடித்த கோடுகளுக்குள்ளிருந்து கடைசியில் இருந்த எட்டில் மூன்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பார்த்ததும் தப்பு என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்று வெளியே போய்விட்டது, பையில் மிச்சம் ஏழு, கீழே எட்டு எப்படி வரும்? நானே போட்டுப் பார்த்தேன். முதலில் வெள்ளை வந்தால் என்ன, கறுப்பு வந்தால் என்ன என்று இரண்டாகப் பிரித்து, பெருக்கி, கூட்டி, ஒன்றரைப் பக்கம். ஐம்பத்தாறில் இருபத்தொன்று வந்தது. ஏழால் வகுத்தால் எட்டில் மூன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒன்றரைப் பக்கம் நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நீ இரண்டு வரியில் எப்படிப் போய் நின்றாய்?

என் கணக்கின்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டே. பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமாவிடம் போய் எட்டுப் பொத்தான் கேட்டேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, எதுக்குக்கா என்றாள். விஷயத்தைச் சொன்னதும், எட்டாங் கிளாசோட நின்ன எனக்கு இப்பதான் பள்ளிக்கூடம் தெறந்திருக்கு என்று சிரித்துக்கொண்டே ஐந்து வெள்ளையும் மூன்று கறுப்பும் எண்ணி மஞ்சள்பையில் போட்டாள். அவள் கையை விட்டு ஒன்றைப் பார்க்காமல் எடுத்து மடியில் முந்தானைக்கு அடியில் போடுவாள், அடுத்து ஒன்றை எடுத்து என்னிடம் காட்டுவாள், கறுப்பாக இருந்தால் நான் ஒரு கோடு போடுவேன், பிறகு எல்லாவற்றையும் பையில் போட்டுக் குலுக்கி மறுபடியும். எண்பது தடவை செய்வதாகத் திட்டம். ஒரு நாற்பது ஆனதும் பாத்திமா கையை உதறிக்கொண்டு, "எக்கா, நீங்க ரெண்டாவதத்தான கணக்கு வைக்கீங்க? மொதப் பொத்தான நாம பாக்கவே இல்லையே. அது பைக்குள்ள கெடந்தா என்ன, எம் மடியில கெடந்தா என்ன? எனக்குக் கை வலிக்கணும்னே இந்தக் கணக்க எழுதிருக்கான்" என்றாள். நான் கோடு போடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். என்னக்கா அப்படிப் பாக்கீங்க, தப்பாச் சொல்லிட்டனா என்று பயந்துபோனாள். எண்பதையும் முடித்தோம், முப்பத்தொரு கோடு. எட்டில் மூன்று என்றால் முப்பது வரவேண்டும். ஒன்றுதான் கூட.

வீட்டுக்கு ஓடிவந்து உன் நோட்டை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். பேனாக் கோட்டுக்கு அடியில் பென்சில் எழுத்து மினுங்கியது. மெள்ள மெள்ள எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'முதல் பந்தைப் பார்க்கவில்லை. அது கையில் இருந்தாலும் பையில் இருந்தாலும் ஒன்றுதான். எனவே 3/8.' சித்ரா, இது எந்த டியூசன் நோட்டிலும் இல்லை. கைடிலும் தேடிவிட்டேன், இல்லை. இதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வியாழக்கிழமை நயினார்குளம் மார்க்கெட்டில் ஐயம்பெருமாள் சாரைப் பார்த்தேன், கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நோட்டு பையில்தான் இருந்தது (இப்போதெல்லாம் அது இல்லாமல் நான் போவதில்லை), அங்கேயே காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர், "விடை சரிதாம்மா. தப்புன்னு நான் சொல்லலியே. இப்படி ரெண்டு வரில எழுதுனா திருத்துதவன் பத்துக்கு ரெண்டு போட்டுட்டுப் போயிருவான். அந்தப் பிள்ளைக்கு எதுக்கு எட்டு மார்க்கு போகணும்?" என்றார். அவள் எப்படி யோசித்தாள் என்று கேட்டீர்களா சார் என்றேன். "ஒரு சாயங்காலத்துல அறுவது நோட்டும்மா" என்றார். கையிலிருந்த கத்திரிக்காயைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு, "கேட்டிருக்கணும்" என்றார். நல்ல மனுஷன்தான், அவரைக் குறை சொல்லாதே. உனக்கு மார்க் வாங்கித் தருவதாகச் சொன்னார், வாங்கித் தந்தார்.

அப்பா விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நான் கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு, என்ன உலகு, ப்ளஸ் டூ எழுதப் போறியா என்று கேலி செய்தார். இந்தப் பந்துக் கணக்கை அவரிடம் நீட்டினேன். கீழ ஏழுதான் வரும், எட்டு வரவே வராது, நான் பாங்க்ல வேலை பாக்குதவன் என்று ஒரே சாதிப்பு. தோற்றால் ஒரு வாரம் காலைக் காபி அவர் போடுவது என்று பந்தயம். மூன்று தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்துவைத்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவர் காபிதான். டிகாஷன் ஒருநாள் கூட முழுதாக இறங்கவில்லை, வெந்நீரில் பால் விட்டது மாதிரி இருந்தது, ஆனாலும் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடிப்பது ஒரு சுகம்தான்.

இன்று காலை கடைசிக் காபி. டம்ளரை வாங்கிக்கொண்டு உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய், நான் மீறிவிட்டேன், மன்னித்துக்கொள். உன் நூற்றுத் தொண்ணூற்றாறை வள்ளியூர் கிளையில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை, அவரைப் பற்றித்தான் எனக்குப் பயமே. இரண்டு தடவை படித்தார். ஃபில்டரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு முதலில் கேட்டது, "பிள்ளை அங்கன ஒழுங்காச் சாப்பிடுதாளா?" என்றுதான். நான் நோட்டைக் காட்டி, பந்தயத்தில் ஜெயித்தது நானில்லை, இவள்தான் என்றேன். சாய்த்துப் பிடித்துப் படித்தார். "நானும் ஏழுன்னுதான சாதிச்சேன், எனக்கு முப்பது வருஷமா பாங்க்ல சம்பளம் கொடுக்கான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபீசில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். பிள்ளை படிக்காள்னு சொல்லுவேன், வேற என்ன சொல்ல என்றார்.

இனி என் பேச்சு. உன்னை அங்கேயே இரு என்று நான் கட்டிப்போட மாட்டேன். பேச்சு புரியவில்லை, சப்பாத்தி இறங்கவில்லை, வீட்டு நினைப்பாகவே இருக்கிறது, எந்தக் காரணம் சொல்லி வந்தாலும் ஸ்டேஷனுக்கு நானே வந்து பெட்டியை வாங்கிக்கொள்வேன். எனக்குக் கணக்கு வராது என்கிற காரணத்தை மட்டும் சொல்லாதே. அது உண்மை இல்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது, அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து பக்குவமாகக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். தமிழில் நெட்டுருப் போட்டதை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் புதுக் கணக்குப் போடச் சொன்னால் யாருக்குத்தான் திணறாது. எக்ஸுக்கு டி போட்டதற்கே நான் ஓடிப்போனவள். உன் முதல் செமஸ்டர் பாடத்தில் புரியாத கணக்கை எனக்கும் எழுதி அனுப்பு. எனக்கும் தெரியாதுதான், இரண்டு பேருமாகத் தெரியாமல் இருப்போம், மதியம் எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு இருக்கிறது.

மற்றபடி இங்கே பிசான நெல்லறுப்பு முடிந்துவிட்டது, ஆற்றில் முழங்காலுக்குத்தான் தண்ணீர், வெயில் இப்போதே பிளக்கிறது. பாத்திமா உனக்குப் பச்சைச் சுடிதார் ஒன்று தைத்திருக்கிறாள். முன்பக்கம் எட்டுப் பொத்தான், ஐந்து வெள்ளை, மூன்று கறுப்பு. எண்பது தடவை எடுத்த அதே பொத்தான்தான், ஃபேஷன்னு சொல்லிக்கிடச் சொல்லுங்கக்கா என்றாள். தனியாகப் பார்சலில் வரும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, தண்ணீர் நிறையக் குடி.

மறுபரீட்சைக்கு எழுதிப்போட இருபத்தைந்தாம் தேதி கடைசி நாள் என்று நீயே எழுதியிருக்கிறாய், மறந்துவிடாதே. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு பாத்திமா வீட்டு போனில் நானும் அப்பாவும் காத்திருப்போம், எதுவானாலும் உன் வாயால் சொல். காந்திமதி அம்மை உன் பக்கத்திலேயே இருந்து நல்ல புத்தியும் திடமும் தரட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது.

இன்னொன்று. இனிமேல் எதையாவது எழுதிவிட்டு அடிப்பதானால், இப்படிக் கிழித்துவைக்காமல் ஒரே ஒரு கோடு போடு, அடியில் இருப்பதைப் படிக்கிற மாதிரி.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சி. உலகம்மாள்