மூன்றாவது விளக்கு வரை

மே 4, ஞாயிறு

அறிவியல் அருங்காட்சியகத்தில் மூன்றாவது வாரம். கால் வலி உயிர் போகிறது. இன்றிலிருந்து என்னைக் காதுக் கூண்டில் போட்டுவிட்டார்கள். கூண்டு என்பது நாங்கள் வைத்த பெயர். வெளியிலிருந்து சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறை அது. உள்ளே இரண்டு ஹெட்போன், இரண்டு பொத்தான், ஆளுக்குப் பத்துப் பச்சை விளக்கு. ஹெட்போனில் ஒன்றைவிட ஒன்று கீச்சென்று பத்து ஒலிகள் வரும். கேட்டவுடன் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். பெரியவர்களுக்கு ஏழு எட்டோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் பத்தும் எரியும். "அம்மாவுக்குக் கேக்காதது உனக்குக் கேட்டுச்சு பாத்தியா" என்று நான் சொல்ல வேண்டும். பிள்ளை துள்ளும். 'நான் ஒரு விஞ்ஞானி' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"சம்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சு டிக்கெட் போட்டுடப் போறாங்க" என்கிறான் அண்ணன். அவனுக்கென்ன தெரியும்? ஞாயிறு ஞாயிறாக நாற்பது நாள் முடித்தால் ஒருங்கிணைப்பாளர் மேடம் பரிந்துரைக் கடிதம் தருவார். கல்லூரி விண்ணப்பத்தோடு வைக்க எனக்கு அது வேண்டும். வைக்க வேறு எதுவும் என்னிடம் இல்லை.

மே 11

கடிதம் வேண்டுமென்றால் திறன் பதிவேடு எழுத வேண்டும். அதில் 'இன்று தீர்த்த பிரச்சினை' என்று ஒரு கட்டம். நான்கு வாரமாகக் காலி. பிரச்சினையே வராவிட்டால் எதைத் தீர்ப்பது? யாராவது வந்து மயங்கி விழுந்தால் தேவலை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

மே 18

வந்தது. தீர்த்தும் விட்டேன்!

மதியம் ஓர் அம்மாவும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் வந்தார்கள். குழந்தைக்கு முன்பல் இரண்டும் இல்லை. நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு சிரித்தாள். இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஏழு விளக்கு. குழந்தைக்கு மூன்றோடு நின்றுவிட்டது. பொத்தான்மேல் விரலை வைத்து, சமர்த்தாக அடுத்த ஒலிக்குக் காத்திருந்தாள். எல்லா ஒலியும் வந்து போய்விட்டிருந்தது.

அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. "ஏம்மா, இவளுக்கு ஏன் எரியல? காதுல ஏதாவது..." வெளியே பதினைந்து பேர் வரிசை. ஒருவர் கண்ணாடியைத் தட்டவே ஆரம்பித்துவிட்டார். "ஐயோ ஆன்ட்டி, அந்த ஹெட்போன் மக்கர் பண்ணும். காலையிலருந்தே இப்படித்தான். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். "அப்பாடா, ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு" என்று அவர் சிரித்தார். குழந்தை ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போனாள்.

கட்டத்தில் எழுதியது: 'பதற்றமடைந்த தாயிடம் இதமாகப் பேசி, சிரித்த முகத்துடன் அனுப்பி வைத்தேன்.'

காலையிலிருந்தே அப்படியா? காலையில் நன்றாகத்தானே எரிந்தது... சரி, மதியம் கெட்டிருக்கும்.

மே 25

பழுது என்று வாயால் சொல்லிவிட்டேனே, சீட்டும் எழுதிப் போட்டேன். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் வந்தார். எங்களுக்குள் அவர் பெயர் திருப்புளி, காதிடுக்கில் எப்போதும் ஒன்று செருகியிருப்பார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஏழு எரிந்தது. "எனக்கே ஏழு எரியுது. நல்லா இருக்கறத எதுக்கு ரிப்பேர்னு எழுதற?" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மாட்டிப் பார்த்தேன். பத்து.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் அந்தக் குழந்தைக்கு அடுத்து அதே ஹெட்போனை மாட்டிய பையனுக்குப் பத்தும் எரிந்தது. நானேதான் அவனுக்கு ஸ்டிக்கர் கொடுத்தேன். அப்படியென்றால் அவள் என் வாயைப் பார்த்தது... சே.

ஜூன் 1

மேடம் கூட்டத்தில் என் பதிவேட்டை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "இதமா பேசி அனுப்பியிருக்கா பாருங்க. இதுதான் பேச்சுத் திறமை." எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுந்தேன், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"கைதட்டு வாங்கிட்டு வந்த மூஞ்சியா இது?" என்றான் அண்ணன்.

ஜூன் 8

அந்த அம்மா வருஷ பாஸ் வாங்கியிருந்தார், அதற்குப் போன் நம்பர் எழுதிக் கொடுத்திருப்பார். டிக்கெட் கவுன்ட்டர் அக்காவிடம், தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று இன்னொரு பொய் சொல்லி நம்பர் வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படி அடியில் நின்று போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "ஹலோ, யாருங்க?" பின்னால் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. அவ்வளவு சத்தமாக யார் வைப்பார்கள், ஏன் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கட் செய்துவிட்டேன்.

ஏன்டி? என்ன பண்ணிடுவாங்க? திட்டுவாங்க, மேடத்துக்கிட்ட சொல்லுவாங்க, கடிதம் போகும். அவ்வளவுதான? அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பெரிதாக இருந்தது.

ஜூன் 9

நாளை பேசுகிறேன்.

ஜூன் 10

நாளை.

ஆகஸ்ட் 17

கெஞ்சிக் கேட்டுக் கண்ணாடிப் பகுதிக்கு மாற்றிக்கொண்டேன். வளைந்த கண்ணாடிகள். நாள் முழுக்க என் மூஞ்சியையே குண்டாக, ஒல்லியாக, தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. நம்பர் எழுதிய சீட்டு இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கடைசிப் பக்கத்தை நான் திருப்புவதே இல்லை.

நவம்பர் 9

வந்துவிட்டார்கள்.

குண்டாகக் காட்டும் கண்ணாடி முன்னால் அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். முன்பல் முளைத்திருக்கிறது. இரண்டு காதுக்குப் பின்னாலும் இளஞ்சிவப்பில் காது கேட்கும் கருவி. அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. "ஸ்டிக்கர் அக்கா!" என்று ஓடி வந்து கையை நீட்டினாள். எல்லாப் பகுதிக்கும் ஒரே ஸ்டிக்கர்தான். ஒட்டிவிட்டேன்.

அந்த அம்மா தானாகவே பேச ஆரம்பித்தார். "செப்டம்பர்ல ஸ்கூல்ல டெஸ்ட் பண்ணினாங்க, அப்பதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் கூப்பிட்டா திரும்பல, திமிருன்னு நெனச்சு நானே அடிச்சிருக்கேன்மா. இங்க வந்தப்பவே சந்தேகம் வந்துச்சு. மெஷின் ரிப்பேர்னு சொன்னாங்க, விட்டுட்டேன்."

பேசாமல் இருந்திருந்தால் அவர்கள் அடுத்த கண்ணாடிக்குப் போயிருப்பார்கள்.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி. ரிப்பேர்னு சொன்னது நான்தான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "தெரிஞ்சேவா சொன்ன?"

"அப்ப தெரியாது. ஒரு வாரத்துல தெரிஞ்சுடுச்சு. போன் பண்ணினேன். நீங்க எடுத்ததும் வெச்சுட்டேன்."

"ஒரு வாரத்துல" என்றார். பிறகு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மெதுவாக விரல் மடக்கினார். குனிந்து, மகளின் சட்டையிலிருந்த ஸ்டிக்கரை உரித்தார். நாலாக மடித்து என் கையில் வைத்தார். "இது வேணாம்மா." குழந்தை ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனாள். திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னைக் கிழித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நவம்பர் 10

அந்த அடியெல்லாம் நான் போட்டது.

நவம்பர் 16

பதிவேட்டில் மே 18-ஐ அடித்துவிட்டு, நடந்ததைப் பக்கத்தில் எழுதி மேடத்திடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். "நல்லதுக்குத்தானே சொன்ன?" என்றார். "நல்லதுக்கு இல்ல மேடம். வரிசை நீளமா இருந்துச்சு" என்றேன். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காதுக் கூண்டுக்கே திரும்பப் போகட்டுமா என்று மட்டும் கேட்டேன். தலையசைத்தார்.

மதியம், இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் பேரனோடு வந்தார். பேரனுக்குப் பத்து. அவருக்கு இரண்டே விளக்கு. வரிசை வாசல் வரைக்கும் நின்றது. "ஹெட்போன் மக்கர் போல" என்றார் அவராகவே, சிரித்துக்கொண்டு. வாங்கி நான் மாட்டிப் பார்த்தேன். பத்து.

"இல்லைங்க ஐயா, இப்பதான் போட்டுப் பாத்தேன், நல்லா இருக்கு. ஒரு தடவ காது டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

சிரிப்பு போய்விட்டது. "எனக்கு எல்லாம் நல்லாவே கேக்குது. நீ சொல்ல வந்துட்டியா" என்று பேரனை இழுத்துக்கொண்டு வெளியேறினார். வரிசையில் இருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

கட்டத்தில் எழுதியது: 'ஒருவருக்கு இரண்டு விளக்குதான் எரிந்தது. மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார்.'