நீ பிய்த்தெறிந்த வேப்பிலை

பாடி,
12 மார்ச் 1933

தம்பி மாசிலாமணிக்குப் பொன்னம்மாள் எழுதிக்கொண்டது. உன் சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை.

என் பிள்ளை சாமுவேல் வியாழக்கிழமை அம்மையில் செத்தான். நீ இந்தச் சபைக்கு உபதேசியார். அதற்கு முன்னால் அவனுக்குத் தாய்மாமன். ஆனாலும் சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டக் கூடாது என்றாய். கொரட்டூர் ஏரிக்கரையில் புதைத்தோம். மணிகூட அடிக்கவில்லை. அங்கே எல்லார் முன்னாலும், "ஒன் பாவந்தான் ஒம் புள்ளைய எடுத்துகினு போச்சு" என்றாய்.

எது பாவம்? அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியதா? அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, என்னை வாய் திறக்க விடாமல் அதைப் பிய்த்தெறிந்தாய். பிறகு உன் மேல்துண்டைச் சுருட்டி அவன் தலைக்கு வைத்து, அழுது ஜெபம் பண்ணினாய். அந்த அன்பை நான் இல்லையென்று சொல்லவில்லை. அதே வாயால் எப்படியடா அப்படிச் சொன்னாய்?

சாமுவேலின் தாய்,
பொன்னம்மாள்


பூவிருந்தவல்லி,
14 மார்ச் 1933

சகோதரி பொன்னம்மாளுக்குக் கர்த்தருக்குள் சமாதானம் உண்டாவதாக.

சாமுவேலைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். என் வயிறும் எரிகிறது. ஆனால் பிரசங்கம் பண்ணுகிறவன் இரத்தபாசம் பார்க்கலாகாது. ஞானஸ்நானம் பெற்ற வீட்டு வாசலில் மாரியம்மனுக்கு இலை கட்டினால் அது விக்கிரகாராதனை. பெற்றவர்கள் செய்த அக்கிரமம் பிள்ளைகள் தலையில் விடியும் என்றுதானே நாமும் கேட்டு வளர்ந்தோம்? என் அக்காள் என்பதற்காகத் தங்களை விட்டுவிட்டால், நாளைக்குப் பாடிச் சபை முழுவதும் திருவேற்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும்.

வருகிற ஞாயிறு சபை முன்னால் பாவ அறிக்கை செய்யுங்கள். அதுவரை திருவிருந்தில் தங்களுக்குப் பங்கில்லை.

கர்த்தரின் ஊழியன்,
மாசிலாமணி, உபதேசியார்


பாடி,
16 மார்ச் 1933

உபதேசியார் அவர்களுக்கு,

ஒரே தட்டில் கஞ்சி குடித்தவளைத் 'தங்கள்' என்று எழுதும் அளவுக்குப் பெரிய மனிதனாகிவிட்டாய்.

நான் மாரியம்மனுக்குக் கட்டவில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மாவின் பிள்ளைகள் பொழுது விடிந்தால் சாமுவேலைத் தேடி உள்ளே ஓடி வரும். பலகையில் 'வராதே' என்று எழுதி மாட்டினால் இந்தத் தெருவில் யாருக்குப் படிக்கத் தெரியும்? இலையைக் கண்டால் குழந்தைகூட நின்றுவிடும். நீ பிய்த்துவிட்டுப் போனபின் எல்லம்மா தெருவில் நின்றபடியே, "ஒன் தம்பி இன்னாத்துக்கு இப்படிப் பண்ணிட்டுப் போறாரு? எம் புள்ளைங்க இருக்குதே" என்று கேட்டாள். நான் வேறு இலை பறித்துக் கட்டினேன். அவள் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

பாவ அறிக்கை செய்யமாட்டேன். நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் கேட்கட்டும், அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன். அவருடைய நாற்காலியில் நீ ஏறி உட்காராதே.

பொன்னம்மாள்


பூவிருந்தவல்லி,
22 மார்ச் 1933

அக்கா,

கிருபைக்குக் காய்ச்சல் கண்டு நாலு நாளாகிறது. இன்று முகமெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. ஐந்து வயதுக் குழந்தை, தண்ணீர் இறங்கவில்லை. பெற்றவளோ நிறைமாதம், கிட்டே விடாமல் தள்ளி வைத்திருக்கிறேன். கிருபையோடு விளையாடும் பிள்ளைகள் வந்தபடி இருக்கிறார்கள், விரட்டி மாளவில்லை.

நான் என்ன பாவம் செய்தேன் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். ஜெபிக்க வாய் வரவில்லை. உனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வார்த்துவிட்டது, மறுபடி ஒட்டாது. உன்னைக் கூப்பிட எனக்கு முகமில்லை. இருந்தாலும் வா.

உன் தம்பி,
மாசிலாமணி


பாடி,
23 மார்ச் 1933

மாசிலாமணிக்கு,

நீ ஏரிக்கரையில் என்னிடம் சொன்னதை உன்னிடம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் சொல்லிவிடத்தான் நாக்குத் துடித்தது. கிருபையின் பெயரைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

பாவத்தைத் தேடி எங்கேயும் போகாதே. சாமுவேல் தலைக்கு வைத்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாயே, அதில்தான் வந்தது. என் வாசலில் இலை உன்னைப் போன்றவர்களுக்காகவும்தான் கட்டியிருந்தது. அந்தத் துண்டைக் கொளுத்திவிடு. என் பிள்ளையை ஆண்டவர் தண்டிக்கவில்லை. உன் பிள்ளையையும் தண்டிக்கவில்லை. இதை ஒருநாள் நீ பாடிச் சபை முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. வந்தாலும் உன்னோடு பேசமாட்டேன். குழந்தைக்கு இளநீர் வாங்கி வை. நாளைக் காலையில் வந்துவிடுவேன். அதற்குள் வாசலில் வேப்பிலை கட்டியிருக்க வேண்டும். வேறு யாரையும் கட்டச் சொல்லாதே, உன் கையாலேயே கட்டு.

கிருபையின் அத்தை,
பொன்னம்மாள்