வண்டி சரியானால் ஜெனிட்டா போவாள்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கடல் காற்று இல்லை.

தெருவில் பேசிக்கொள்வது உண்மையில்லை. மருமகளை நான் விரட்டவில்லை. கீழவைப்பாரில் அவள் தாயாருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. அங்கேயே தங்கி, மீன் ஏற்றி வண்டி ஓட்டட்டுமா என்று ஜெனிட்டா கேட்டாள். சரி என்றேன். கப்பலில் இருக்கும் என் மகனும் சரி என்றான். ஞாயிறன்று புறப்பாடு. இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பிக்கப் வண்டியின் பின் அச்சில் ஆயில் கசிவு. முற்றத்து சிமெண்டில் கறுப்பாக. டிஃபரன்ஷியல் சீல், ஆயிலை வெளியே விடாத ரப்பர் வளையம், போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் அடுத்த வாரம் வரச் சொன்னார்களாம். ஜெ. தானே மாற்றுகிறாளாம். தன் அப்பாவின் போட் எஞ்சினைப் பிரித்துப் பழகிய கை.

வாங்க: சீல், கியர் ஆயில், எனக்கு முட்டுவலித் தைலம். பழைய துணி இருக்கிறது.

15, புதன்

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினாள். நான் முக்காலியில், கையேட்டுடன். ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. ஒரே பக்கத்தில் இரண்டு அச்சுப்பிழை.

ஷாஃப்டைக் கழற்றுமுன், திரும்ப அதேபடி பொருத்த, அடையாளம் வைக்க வேண்டும். சாக்கட்டியால் கோடு போட்டாள். அழியும் என்றேன். ஆணியால் கீறினாள்.

"மாமி, லைட்ட எம் மூஞ்சில அடிக்கிய. சீல் அங்கன இருக்கு."

பக்கத்து வீட்டு விக்டோரியா மதிலுக்கு மேல் தலை நீட்டினாள். "என்ன மயினி, மருமவள அனுப்பி வைக்க நீங்களே ஆணிய முடுக்குதிய போலுக்கே."

வண்டிக்கடியிலிருந்து ஜெ.: "சும்மாதான நிக்கிய சித்தி, வந்து இந்த ஸ்பேனரப் புடிங்க."

தலை மறைந்தது.

பழைய சீல் கருவாடுபோல் விறைத்திருந்தது. புதியதைக் குழாய்த் துண்டு வைத்து, சுற்றிலும் ஒரே சீராகத் தட்டி இறக்கினாள். என்னைவிடப் பொறுமை. சொல்லவில்லை.

16, வியாழன்

ஹார்பர் ரோடு வரை ஓட்டிப் பார்த்தாள். திரும்பியதும் மறுபடி சொட்டு. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்க மாமி. வழில நின்னா யாரு வருவா? அம்மாவ அக்கா பாத்துக்கிடுவா. நான் இங்கனயே இருந்துருதேன்."

எனக்குச் சந்தோஷம். இங்கே எழுதலாம், யாரும் பார்ப்பதில்லை.

மதியம் கையேட்டைப் புரட்டினேன். புதுச் சீலும் கசிந்தால் ப்ரீதரைப் பார்க்கவும். அச்சின் மேல் ஒரு சிறு மூடி. உள்ளே சூடேறும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்தால் ஆயில் சீலைத் தாண்டி வரும்.

புத்தகத்தை மூடினேன். குழம்பு வைக்கப் போனேன். மாலை ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

17, வெள்ளி

விடிந்ததும் சொன்னேன். ஜெ. அடியில் புகுந்து பார்த்தாள். போன விடுமுறையில் என் மகன், உப்புக் காற்றில் துருப்பிடிக்கக் கூடாதென்று, வள்ளத்துக்குப் பூசுவதுபோல் அடி முழுக்கத் தார் பூசியிருந்தான். பெண்டாட்டி ஓட்டும் வண்டி என்று இரண்டு பூச்சு. ப்ரீதருக்கும் சேர்த்து.

"ஒங்க மவன் பாசத்துல அது மூச்சையே அடச்சிட்டாவ மாமி."

இருவரும் சிரித்தோம். மண்ணெண்ணெய், கம்பி, அரை மணி வேலை. குறைந்த அளவுக்கு ஆயில் ஊற்றி, ஏரல் வரை ஓட்டிப் போய் வந்தாள். அடியில் அட்டை விரித்தோம். மாலைவரை அதில் ஒரு பொட்டு இல்லை.

"நேத்தே தெரியுமா மாமி?"

"தெரியும்."

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கொழம்புல உப்பே இல்லாதப்ப நெனச்சேன். ஒங்களுக்கு அப்படி வராதே."

பிறகு என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். கையில் இன்னும் மண்ணெண்ணெய் வாசம்.

18, சனி

காற்று வந்துவிட்டது. அவள் பெட்டி கட்டுகிறாள். வண்டிச் சாவியோடு வைக்க எழுதியதன் நகல்:

ஜெனிட்டா, அம்மாவை நன்றாகப் பார். மாதம் ஒரு ஞாயிறு இங்கே வந்து என்னோடு சாப்பிட முடியுமா? நேரில் கேட்டால் நீ "பாப்போம் மாமி" என்பாய். நானும் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிடுவேன். அதனால் வாயால் வேண்டாம். வருவாயா, மாட்டாயா, எழுதிக் கொடு.