புது வெர்ஷனும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், டிரைவிங் ஸ்கூல் கார் இரண்டும் சௌக்கியம், நீ பாடுபட்டுப் புது வெர்ஷனுக்கு மாற்றிக் கொடுத்த வெப்சைட்டும் வெகு சௌக்கியம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். இருமல் போய்விட்டது என்று போனில் சொன்னாய், சொல்லி முடிப்பதற்குள் இருமினாய். பெற்றவளிடமே கதை அளக்காதே, வெந்நீர் குடி, தலையை ஈரத்தோடு விட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாதே.

கைக்கு எட்டும் தூரத்தில் போன் இருக்க இந்த அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். விஷயம் அப்பாவைப் பற்றியது. முன்னறைதான் ஆபீஸ் என்பதால் நான் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது. மெயில் போடலாம் என்றால் ஸ்கூல் மெயிலைத் தவிர எனக்கு வேறு கிடையாது, அதை எனக்கு முன்னால் அவர் திறந்து பார்த்துவிடுகிறார். அவர் வெளியே போகும் நேரத்தில் நீ ஆபீசில் இருப்பாய், மெசேஜில் இத்தனையும் அடிக்க எனக்குக் கை வராது. அதனால் அவர் மாணவர்களோடு வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் சரியாகிவிட்டது, உன் அப்பாதான் சரியில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், வழக்கம்போல் குறையும் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் மட்டும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் உனக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா நல்லதைச் சொல்லவே மாட்டாள் என்பாய். பழைய வெப்சைட்டை நீ காலேஜில் படிக்கும்போது செய்தாய். அந்தக் காலத்துக்கு அது ராஜாதான், ஆனால் போனில் திறந்தால் படத்தில் அப்பாவுக்குத் தலை இருக்காது, ஸ்டியரிங்கும் இரண்டு கையும் மட்டும் தெரியும். பழைய வெர்ஷனை நிறுத்தப் போகிறோம், புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று வெப்சைட்டுக்கு இடம் கொடுக்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தபோது உன் அப்பா விளம்பரம் என்று தூக்கிப் போட்டார். மறுபடி வந்தது, மறுபடி போட்டார். நான் உன்னிடம் போட்டுக் கொடுத்த பிறகுதான் நீ லீவு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துப் புது வெர்ஷனில் வைத்து, பக்கம் பக்கமாக நீ அங்கிருந்து கேட்க நாங்கள் இங்கிருந்து பார்த்துச் சொன்னோமே, அது நல்ல கூத்து. கார் படம் இழுத்துக்கொண்டு பஸ் மாதிரி நின்றது, கட்டண விவரம் போய் முகவரிக்கு மேல் ஏறிக்கொண்டது, மாணவர்கள் பெயர் பதியும் படிவம் வரவே மாட்டேன் என்றதும் நீ புதிதாகவே செய்தாய். ஒவ்வொன்றாகச் சரி பண்ணி, கடைசியில் வெளியிடும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால், அழுத்தட்டுமாப்பா, அழுத்திட்டா பழசுக்குத் திரும்பப் போக முடியாது என்று கேட்டாய். ஏன், இதுல ரிவர்ஸ் கியரே கிடையாதா என்று அவர் கேட்டார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அழுத்திவிட்டு நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! இனிமே காலி நேரத்தை ஸ்டூடண்ட்ஸே காலண்டர்ல பாத்து எடுத்துப்பாங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து நீங்க படிக்க நான் டைப் அடிக்கற வேலையே இல்ல, எதுக்குமே என்னைக் கேக்க வேண்டாம்ப்பா என்றாய். அவர் அடேங்கப்பா என்று சொல்லிவிட்டு டயரில் காற்று பார்க்கப் போனார். மகிழ்ச்சியில் வாயடைத்துப் போனார் என்று நீ நினைத்துக்கொண்டாய். டாக்டர் இனிமேல் டீயில் சர்க்கரை கூடாது என்று சொன்னபோதும் இதே அடேங்கப்பாதான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டவணை உனக்கு வேலை, அவருக்கு அதுதான் வாரம். வார வகுப்பு நேரங்களை எழுதிச் சுவரில் தொங்கவிட்ட பலகைக்குப் பக்கத்தில் போனோடு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பிப்பார். செவ்வாய் காலைல காலி, எழுதிக்கோ, அங்க குளிர் விட்டுதா? புதன் சாயங்காலம் ஆள் இருக்கு, அந்த மேலதிகாரி இப்ப எப்படி நடந்துக்கறார்? இப்படியே போகும். உன் வீட்டுக்காரம்மா ஹீட்டரைச் சரி பண்ணித் தராத கதை, உன் தோழி கோபித்துக்கொண்டு போனது, திரும்பி வந்தது, எல்லாம் அவருக்கு அத்துபடி. நீ வேலை மாறப்போகிற செய்தியை முதலில் கேட்டது நான் இல்லை, அட்டவணையில் வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில் அவர்தான் கேட்டார். அரை மணியில் முடிய வேண்டிய அட்டவணை மதியச் சாப்பாடு வரைக்கும் நீளும். நான் கூப்பிட்டால், வேலையா இருக்கோம்ல என்று கையைக் காட்டுவார். இத்தனைக்கும் அந்த நேரங்களை அவரே ஏற்றத் தெரியாதா என்றால், சாலை விதிக் கேள்விகள் அத்தனையையும் வெப்சைட்டில் உட்கார்ந்து அடித்தவர் அவர்தான். இதை நீங்களே போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அதெல்லாம் எனக்கு வராது என்றார். எனக்கும் புரிந்தது, மேலே கேட்கவில்லை.

காரணம் இல்லாமல் போன் செய்யத் தெரியாத மனுஷன் அவர், உனக்கே தெரியும். நான் பேசிவிட்டுக் கொடுத்தால் என்ன செய்வார்? உடம்பு எப்படி, வேலை எப்படி, சரி, அம்மாகிட்ட குடுக்கறேன். அவ்வளவுதான். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு கூட இதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். கையில் ஒரு வேலை இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். மாணவர்களோடும் அப்படித்தான், கார் ஓடும்வரை ஊர்க்கதை பேசுவார், இறங்கினால் வாயைப் பூட்டிக்கொள்வார்.

வெப்சைட் மாறிய பிறகு வந்த முதல் ஞாயிறு, குளித்துச் சவரம் செய்து பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பலகையே இப்போது தேவையில்லை, ஆனாலும் கோடு போட்டு அழகாக எழுதி வைத்திருந்தார். நீ அன்று எனக்கு மெசேஜ் போட்டிருந்தாய், மத்தியானம் வரை தூங்கினேம்மா, எத்தனை நாளைக்கு அப்புறம் ஒரு நிம்மதியான ஞாயிறு என்று. நீ தூங்கியது எனக்கு நிஜமாகவே சந்தோஷம், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அவர் போனைப் பார்க்கிறதும், சார்ஜ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறதுமாக இருந்தார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு பலகையில் எதுவும் எழுதவில்லை.

இப்போது கேள், உன் அப்பா செய்த காரியத்தை. போன வாரம் ஸ்கூல் ஈ ஓட்டியது. ஒரு போன் இல்லை, ஒரு புது ஆள் இல்லை. இவரோ கவலையே இல்லாமல் பேப்பர் படிக்கிறார். நமது பழைய ஸ்டூடண்ட், அந்த டீச்சரம்மா இருக்கிறாரே, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாரே, டெஸ்டில் தவறித் தவறித் திரும்ப நம்மிடமே வருகிறவர், அவர் வாசலில் வந்து நின்று, என்ன சார், ஸ்கூலை மூடிட்டீங்களா, வெப்சைட்ல வாரம் பூரா விடுமுறைன்னு போட்டிருக்கே என்றார். உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது. பாத்தியா, புது வெர்ஷன் சரியில்ல, நான் அப்பவே நினைச்சேன், நம்ம மேனேஜர்கிட்டதான் கேக்கணும் என்று போனை எடுத்தார். நீ கவுண்டரில் ஏறி உட்கார்ந்து பெயர் எழுதிய சின்ன வயதில் அவர் உனக்கு வைத்த பட்டம்தான் இன்றைக்கும்.

நீ ஆபீசில் இருந்தாய். அதுக்கென்னப்பா, ஒரு பட்டன்தான், இதோ திறந்துட்டேன், மீட்டிங் இருக்கு, வெச்சுடறேன் என்றாய். பேச்சு முடிந்துவிட்டது. அவர் போனை மேஜையில் வைத்தார், சரியாப் போச்சு என்றார். டீச்சரம்மா போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் போன பிறகு எப்படித்தான் விடுமுறை விழுந்தது என்று நானும் காலண்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு வாரத்தை மூட வேண்டும் என்றால் அது சும்மா மூடுவதில்லை, நிச்சயமாக மூடவா என்று கேட்கிறது, ஆமாம் என்றால் இன்னொரு தடவையும் கேட்கிறது. திரும்பி வந்தவரிடம், ஏங்க, ரெண்டு தடவையுமா கை தவறிச்சு என்று கேட்டேன். பின்னால டயர்ல காத்து குறைஞ்ச மாதிரி இருக்கு என்று வெளியே போய்விட்டார். இந்த வீட்டில் டயர்கள் மட்டும் எப்போதும் நல்ல காற்றோடு இருக்கின்றன.

நீ நல்ல பிள்ளை, அன்றைக்கே விடுமுறையை எப்படி எடுப்பது என்று பேசிக்கொண்டே செய்துகாட்டி ஒரு வீடியோ அனுப்பினாய். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதினேன். அந்த வீடியோவை அவர் தினமும் போடுகிறார். சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு போடுகிறார், கண்ணாடி கூட மாட்டிக்கொள்வதில்லை. கடைசியில் நீ, புரிஞ்சுதாப்பா என்று கேட்கிறாய் இல்லையா? ஒவ்வொரு தடவையும் இவர், புரிஞ்சுதும்மா என்று பதில் சொல்கிறார். நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் கொஞ்சம் வந்தது.

நேற்று நேராகவே கேட்டுவிட்டேன், பேசணும்னு இருந்தா கூப்பிட்டுப் பேசுங்களேன், உங்க மகதானே என்று. அதற்கு அவர், நல்லாக் கத்துக்கிட்டவங்க திரும்பி வரக் கூடாது, வந்தா வாத்தியார் சரியில்லைன்னு அர்த்தம் என்றார். அது ஸ்டூடண்டுக்கு, மகளுக்கு எதுக்கு அந்தச் சட்டம் என்றேன். அவர் டயரைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மனுஷனை இந்த வயதில் மாற்ற எனக்குத் தெம்பு இல்லை, அவருக்குப் புது வெர்ஷன் எந்தக் கம்பெனியும் விடவும் போவதில்லை. அதனால் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வாரா வாரம் என்றும் சொல்லவில்லை, உனக்கு முடிந்தபோது. எதுவும் கெடாமலேயே ஒரு நாள் அவரைக் கூப்பிடு. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

மற்றபடி இங்கே விசேஷம் எதுவும் இல்லை. சின்னக் காருக்குக் கிளட்ச் மாற்றியாகிவிட்டது. என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் முனகுகிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ ரிவர்ஸில் வந்து இடித்த கேட் தூணை இடித்துக் கட்டலாம் என்று கொத்தனார் சொன்னதற்கு அப்பா வேண்டாம் என்றுவிட்டார். புது ஹீட்டரை ராத்திரி முழுக்க எரியவிட்டுத் தூங்காதே. அந்தத் தோழியோடு மறுபடி சண்டை போட்டிருந்தால் நீயே முதலில் பேசிவிடு, தலையில் இருக்கும் கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

நீ நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும், இருமல் இல்லாமலும், மனதுக்குப் பிடித்த வேலையோடும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நானும் அந்தக் காலண்டரைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். வருகிற மாதம் முழுக்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரே ஒரு நேரத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். அதை யார் எடுத்தாலும் பெயரோடு அப்பா போனில் மணி அடிக்கும். நீ உள்ளே போய் உன் பெயரைப் போட்டு எடுத்துக்கொள். என்ன கற்க வேண்டும் என்று படிவம் கேட்கும், ரிவர்ஸ் என்று போடு. டீச்சரம்மா கண்ணில் படுவதற்குள் எடுத்துவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா